வெள்ளை எழுத்தில் ஒளித்தால் ரெஸ்யூமே தேறிவிடுமா?

"வேலை விளம்பரத்தை அப்படியே காப்பி செய்து, ரெஸ்யூமேயின் அடியில் வெள்ளை நிறத்தில், பொடி எழுத்தில் ஒட்டிவிடுங்கள், கம்ப்யூட்டர் உங்களைத்தான் முதலில் எடுக்கும்" என்று ஒரு வீடியோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. தவறான யோசனை. படித்து முடித்து வேலை தேடும் பிள்ளைகள் இதை நம்புவதுதான் வேதனை.

விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் ஏடிஎஸ் மென்பொருள் பொதுவாக ஃபைலிலிருந்து எழுத்துகளை மட்டும் உருவுகிறது. நிறம் அங்கே ஒரு பொருட்டல்ல. நீங்கள் ஒளித்த வரிகள் ஹெச்ஆர் திரையில் பளிச்சென்று வந்து நிற்கலாம். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து கன்ட்ரோல்-ஏ அழுத்திப் பாருங்கள். காலியாகத் தெரிந்த இடம் பட்டை பட்டையாக நிறம் மாறும். அதைப் பார்ப்பவருக்கு உங்கள் நேர்மைமீதே சந்தேகம் வரும்.

உண்மையில் மென்பொருள் தடுமாறுவது பக்கத்தை இடது வலமாக இரண்டாகப் பிரித்து எழுதுவது, டெக்ஸ்ட் பாக்ஸ், படமாகச் சேமித்த ரெஸ்யூமே போன்றவற்றில்தான். உங்கள் ரெஸ்யூமே சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அதிலுள்ள எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். பெயர், போன் எண், படிப்பு வரிசையாக வந்தால் பெரும்பாலும் சிக்கலில்லை. விளம்பரத்தில் 'ஜாவா' கேட்டிருந்தால், "கல்லூரி நூலகத்துக்கு ஜாவாவில் புத்தகக் கணக்கு செயலி செய்தேன்" என்று, நிஜமாகச் செய்ததைக் கறுப்பு எழுத்திலேயே எழுதுங்கள்.