நியூட்டனும் சாலோனரும்
விஞ்ஞானி நியூட்டனைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, லண்டன் நாணயச்சாலையில் அவர் பார்த்த வேலையை ஒரே வரியில் கடந்துவிட்டது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1696இல் அதன் வார்டன் (மேற்பார்வை அதிகாரி) ஆனவர், கள்ள நாணயக்காரர்களைப் பிடிக்கும் பொறுப்பு தனக்கு வேண்டாம் என்று கருவூலத்துக்கு எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. அப்புறம் இறங்கினார் பாருங்கள்! சாட்சிகள், உளவாளிகள், கைதிகள் என்று நூற்றுக்கும் மேற்பட்ட விசாரணைகள். அவரிடம் சிக்கிய கள்ள நாணயக்காரன் வில்லியம் சாலோனர் லேசுப்பட்ட ஆள் இல்லை. நாணயச்சாலை நிர்வாகமே சரியில்லை என்று நாடாளுமன்றம் வரை போய்ப் புகார் சொன்னவன். அவனுடைய கூட்டாளிகளைப் பேசவைத்துத்தான் நியூட்டன் வழக்கைக் கட்டினார். கள்ள நாணயம் அடிப்பது அன்று ராஜத்துரோகம். உயிர்ப்பிச்சை கேட்டு அவன் எழுதிய கடிதத்துக்கும் அவர் இரங்கவில்லை. 1699 மார்ச்சில், லண்டனில் தூக்குத் தண்டனை நிறைவேற்றும் இடமாக இருந்த டைபர்னில் அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன், அந்த இறுக்கத்தை மட்டும் ஏற்க முடியவில்லை.