ஐ.ஆர்.8 மரபணு மாற்றுப் பயிர் அல்ல

"ஆய்வகத்தில் மரபணுவை மாற்றித்தான் ஐ.ஆர்.8 நெல்லைக் குட்டையாக்கினார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இந்தோனேசியாவின் உயரமான பீட்டா ரகத்தையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் 1962இல் பிலிப்பைன்ஸில் மகரந்தம் சேர்த்துக் கலந்ததில் வந்தது அது, வெளியானது 1966. மரபணு மாற்றுச் செடிகளே 1980களில்தான் வந்தன.

குட்டைத்தன்மை அந்தத் தைவான் நெல்லிலேயே இருந்தது. எஸ்டி1 என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டுப் போனதால், தண்டை நீளச் செய்யும் ஜிப்பரெல்லின் ஹார்மோன் குறைவாக உண்டாகிறது. வெளியிலிருந்து அதைத் தெளித்தால் அதே பயிர் நெடுநெடுவென வளரும். ஜப்பானின் நோரின் 10 என்ற கோதுமை ரகத்தின் வழி வந்த குட்டைக் கோதுமையில் கதை வேறு: ஹார்மோன் இருக்கும், செடிதான் அதைச் சட்டை செய்யாது.