காயலின் கல்லில் ஒரு கண்டல் மரம்

2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பவளப்பாறையில் தரைதட்டியதையும், ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ 1000 டன் எரியெண்ணெய் நம் காயலில் கசிந்ததையும் மொரீஷியஸில் யாரும் மறந்திருக்க மாட்டோம். மஹேபூர் கரையில் துணிப்பைகளுக்குள் கரும்புச் சோகையைத் திணித்துத் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகள் செய்தவர்களுள் நானும் ஒருத்தி. கண்டல் மரங்களின் தாங்குவேர்களில், ஓதம் ஏறிய உயரம் வரை கறுப்பு அப்பியிருந்த காட்சியைப் பலமுறை வரைந்து பார்த்தும், கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் கல்லச்சுக் கலைக்கு (லித்தோகிராஃபி) வந்த பிறகே அது எனக்குக் கைகூடியது.

1796இல் ஜெர்மனியின் பவேரியாவில் அலாய்ஸ் செனெஃபெல்டர் கண்டறிந்த இக்கலை, எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை மட்டுமே நம்பி நிற்கிறது. கொழுப்பு கலந்த பென்சிலால் சுண்ணாம்புக்கல்லில் வரைந்து, சிறிது நைட்ரிக் அமிலம் சேர்த்த வேலம்பிசினைப் பூசிப் பதப்படுத்திய பின், கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், கோடு விழுந்த இடம் மையை ஏற்கும். ஈரமான இடம் அதை விலக்கும். கல்லின்மேல் எண்ணெய் எல்லை மீறுவதில்லை. கடலில் மீறியதைக் கண்டவளுக்கு, ஒவ்வொரு முறை உருளையைத் தள்ளும்போதும் அது நெஞ்சில் தைக்கிறது.

இக்கலைக்குப் புகழ்பெற்ற, அதே பவேரியாவின் சோல்ன்ஹோஃபென் ஊரில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரு காயலின் அடியில், ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த நுண்சேறுதான். ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் தொல்பறவையின் இறகும் எலும்பும் அந்தப் பாறையில்தான் பதிந்து கிடைத்தன.

நிழற்படமே போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நிழற்படம் அன்றைய சான்று, அது கட்டாயம் வேண்டும்; ஆனால் ஒரு வேரை வாரக்கணக்கில் பார்த்து, இடவலம் மாற்றி வரைந்தவர் அதை எளிதில் கைவிடமாட்டார். அதே வேளையில், அக்கறை படத்தின் பொருளோடு நின்றுவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காயலுக்காகப் படம் அச்சிட்டுவிட்டு, உருளை துடைத்த மண்ணெண்ணெயையும் டர்பன்டைனையும் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை. மையைச் சமையல் எண்ணெயால் கரைத்து, பழந்துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணிகளைத் தனியே சேர்த்து வைக்கிறேன். நேரம் இரட்டிப்பாகிறது, ஆகட்டும்.

கண்டல் படத்தில் பதினைந்து படிகள் மட்டும் எடுத்தேன். வழக்கப்படி அடுத்த படத்துக்காகக் கல்லை மணல் தூவித் தேய்த்து, பழைய கோடுகளை அழித்திருக்க வேண்டும். பட்டறையில் இருப்பது அந்த ஒரே கல்தான். இன்னும் தேய்க்கவில்லை.