எங்கள் போரும் பக்கத்துக் கிணறும்

"நம்ம காட்டுல போர் போட யாரைக் கேக்கணும்?" 2017 கோடையில், ஆழ்துளைக் கிணறு போடும் பேச்சு வந்தபோது, எங்கள் வீட்டில் இப்படிச் சொன்னது நான்தான். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கும் மேல் பொய்த்திருந்தது. பல்லடம் பக்கம் எங்கள் தென்னைகள் மட்டை தொங்கி, குரும்பை உதிர்ந்து நின்றன. தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடம் கிழக்கு வேலியோரம். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவின் கிணறு அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஓடியது. விடியும்போது 850 அடியில் தண்ணீர் பீய்ச்சியது. எல்லார் முகத்திலும் சாம்பலாய்ப் பாறைத்தூள், அதற்கு மேல் சிரிப்பு.

மூன்று வாரம் கழித்துப் பெரியம்மா வேலியோரம் வந்து நின்றார். "கண்ணு, மோட்டார் போட்டா அரை மணி நேரத்துல காத்து வருது. எருமைக்குத் தண்ணி காட்டக்கூடப் பத்தல." குரலில் குறையே இல்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

கொங்குப் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான். அந்த வெடிப்புகளுக்கு நம் வேலி தெரியாது. ஆழமாக ஓட்டிப் பெரிய மோட்டார் வைத்தால், மேலே இருக்கும் கிணற்று ஊற்றும் சேர்ந்து கீழே இறங்கலாம். ஆனால் தன் நிலத்தடியில் இருக்கும் நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நிலக்காரருக்கே தருகிறது. கிணறு வற்றியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

அந்த வருடம் ஊரில் எல்லாக் கிணறும்தான் இறங்கியது, நம் போர்தான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் அப்பா. உண்மைதான். எனக்கு அது போதவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேற்கு மூலையில் இடம் பார்த்திருக்கலாம். எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்று பேசி முடிவு செய்திருக்கலாம். நாங்கள் எதையும் யோசிக்கவில்லை.

அப்புறம்தான் பெரியம்மாவின் தொட்டிக்கு ஓஸ் இழுத்துவிட்டோம். மாட்டுக்கு மட்டும் பிடித்துக்கொள்வார், ஒரு குடம் கூடுதலாக எடுக்க மாட்டார். அது என்னை இன்னும் குத்தியது. அடுத்த வருடம் சொட்டுநீர் போட்டோம், தினம் ஏழு மணி நேரம் ஓடிய மோட்டார் மூன்று மணி நேரமாகக் குறைந்தது. கூரைத் தண்ணீரையும் மழைக்காலத்தில் ஓடும் வாரித் தண்ணீரையும் கிழக்கு வேலியோரக் குழியில் இறக்குகிறோம். இதையெல்லாம் போர் போடுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

இப்போது அண்ணன் தெற்கு வேலியோரம் இரண்டாவது போர் வேண்டும் என்கிறார். வண்டிக்கு முன்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். தென்புறத்துத் தோட்டத்தில் இரண்டு குடும்பம் ஒரே கிணற்றை முறை வைத்து இறைக்கிறது. முதலில் அவர்களிடம் போய் உட்கார்ந்து பேசுவோம், அவர்கள் வேண்டாம் என்றால் வேறு வழி பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணனுக்குக் கோபம்தான். ஆனாலும் சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறோம்.