மூன்று நாடும் ஒரு ஜாமீனும்

மாமா: ஒரே நாள்ல மூணு நாடு! ஏம்மா அகிலா, நீ படிக்கப் போனியா, ஐ.நா. சபைக்குப் போனியா?

அகிலா: மாமா, இங்கே ஜெர்மனியில விடியக்காலம் மணி நாலு.

மாமா: உங்கம்மா மூணரை மணி நேரம் வித்தியாசம்னு சொன்னாளே. இங்கே எட்டரை, அங்கே அஞ்சு. அஞ்சு மணிக்கு எழுந்து படிக்கற வயசுதானே?

அகிலா: அது வெயில்காலக் கணக்கு. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வச்சாச்சு. இப்ப நாலரை மணி வித்தியாசம்.

மாமா: அரசாங்கமே மணியைத் திருப்பி வைக்குதா! அப்ப அந்த ஒரு மணி நேரத்துக்கு வட்டி உண்டா, இல்லையா? ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் கேக்கறேன்.

(அகிலாவின் படிப்புக் கடனுக்கு வட்டி கட்டுவது அவள் அப்பா. மாமா போட்டது ஒரு கையெழுத்து. அதைத்தான் தினமும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.)

அகிலா: நான் தூங்கினாலும் வட்டி ஓடத்தானே செய்யுது. இதுக்கும் ஓடும். விஷயத்தைச் சொல்லுங்க.

மாமா: குடும்ப குரூப்ல போட்டோ போட்டிருக்கியே, ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்துன்னு. மூணுலயும் பல்லு வேற தெரியுது. ஃபிளைட்டுக்கு மட்டும் எவ்வளவு ஆச்சு?

அகிலா: பஸ்ல போனேன்.

மாமா: மூணு நாட்டுக்குமா?

அகிலா: ஒரே பஸ். அதுவும் ஸ்டூடண்ட் பாஸ்ல. நான் படிக்கற ஆகன் ஊரு எல்லையிலயே இருக்கு மாமா. பஸ் ஏறினா வால்ஸ்னு ஒரு ஊரு, அது நெதர்லாந்து. அங்கேருந்து மேட்டுல நடந்தா ஒரு தூண் நிக்குது. மூணு நாட்டு எல்லையும் அங்கேதான் முட்டுது. தூணை ஒரு சுத்து சுத்தினா மூணு நாடும் முடிஞ்சுபோச்சு.

மாமா: எத்தனை சுத்து சுத்தினே?

அகிலா: குளிருச்சு, சுத்திக்கிட்டே இருந்தேன்.

(கால்குலேட்டர் தட்டும் சத்தம்.)

மாமா: சுத்துக்கு மூணுன்னா, பத்து சுத்துக்கு முப்பது. முப்பது நாடு! உங்கப்பனுக்குத் தெரியுமா?

அகிலா: 1920க்கு முன்னாடி போயிருந்தா நாப்பது. அப்ப மோரெஸ்னெட்னு ஒரு குட்டி நிலம், யாருக்கும் முழுசாச் சொந்தமில்லாம, அதே இடத்துல நாலாவதா முட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பெல்ஜியத்தோட சேர்த்துட்டாங்க.

மாமா: நல்லவேளை சேர்த்தாங்க. நாப்பதுக்கெல்லாம் என் ஜாமீன் தாங்காது. மலை வேற ஏறியிருக்கே?

அகிலா: 322 மீட்டர். நெதர்லாந்துக்கு ஐரோப்பாவுல இருக்கற நிலத்துல அதைவிட உசரம் கிடையாது, பாவம். அதான் கல்லு நட்டுக் கொண்டாடறாங்க.

மாமா: பேச்சை மாத்தாதே. காசு ஏது?

அகிலா: நீங்களும் அப்பாவும் வரிசையில நின்னு பணம் போட்டீங்களே, அந்த பிளாக்டு அக்கவுண்ட், அதான் என் செலவுக்குன்னு பூட்டி வச்ச கணக்கு, மாசம் 992 யூரோவுக்கு மேல விடாது. உங்களைவிடக் கறாரு. அதுல வாடகை, இன்ஷூரன்ஸ் போக மிஞ்சறது தூணைச் சுத்தத்தான் ஆகும்.

மாமா: சுத்தற நேரத்துல ஏதாவது வேலைக்குப் போகலாம்ல?

அகிலா: போறேன். ஆனா சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள்தான் பார்க்கலாம்.

மாமா: பக்கத்து நாட்டைச் சுத்தறதுக்கு எத்தனை நாளாம்?

அகிலா: 180 நாளுக்குள்ள 90.

(மறுபடி கால்குலேட்டர்.)

மாமா: வருஷத்துக்கு 180 ஆச்சு! வேலைக்கு 140, சுத்தறதுக்கு 180. அந்த அரசாங்கமே சுத்துன்னு சொல்லுது. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல.

அகிலா: எனக்கு வீட்டு ஞாபகம் வந்துச்சு மாமா. அதான் போனேன்.

மாமா: வீட்டு ஞாபகம் வந்தா பெல்ஜியத்துக்குப் போவாங்களாக்கும்?

அகிலா: ஞாயித்துக்கிழமை இங்கே இருந்து பாருங்க. சூப்பர் மார்க்கெட் மூடியிருக்கும். காலி பாட்டிலைத் தொட்டியில போடக்கூடாது, சத்தம் வருமாம். சனிக்கிழமை ராத்திரி யார்கிட்டயோ குட்நைட் சொன்னா, அடுத்து வாயைத் திறக்கறது திங்கக்கிழமை வகுப்புலதான். எல்லை தாண்டினா வால்ஸ்ல கடை திறந்திருக்கும். யாராவது சண்டையாவது போட்டுக்கிட்டு இருப்பாங்க. அதைக் கேக்கத்தான் போறேன்.

மாமா: எங்களுக்கு ஒரு போன் பண்றது?

அகிலா: வேலை முடிஞ்சு அறைக்கு வந்தா உங்களுக்கு நடுராத்திரி. விடிஞ்சதும் பண்ணா நீங்கதான் எடுக்கறீங்க.

மாமா: எடுத்தா என்ன?

அகிலா: வட்டி கேக்கறீங்க.

மாமா: அப்புறம் எதுக்கு அந்தப் பல்லு? வருத்தமா இருந்தவ போட்டோவுல அப்படியா சிரிப்பா?

அகிலா: அழுத மூஞ்சியோட போட்டா அம்மா சாப்பிடமாட்டாங்க. சிரிச்சுப் போட்டா நீங்க சாப்பிடமாட்டேங்கறீங்க. ரெண்டுல உங்களைப் பட்டினி போடறதுதான் எனக்குப் பரவாயில்லைன்னு தோணுச்சு.

(கொஞ்ச நேரம் லைனில் ஒன்றும் இல்லை. கால்குலேட்டர்கூட இல்லை.)

மாமா: சரி சரி. உடம்பைப் பார்த்துக்க. ஏம்மா, பெல்ஜியத்துல ஆண்ட்வெர்ப்புன்னு ஒரு ஊராமே? வைரம் அங்கேதான் கைமாறுதாமே?

அகிலா: ஆமா.

மாமா: உங்கத்தை ஒரு மூக்குத்திக்கு விலை கேட்டுட்டு வரச் சொல்றா.

அகிலா: அது தூணைச் சுத்தற தூரத்துல இல்ல மாமா. ரயில் மாறி மாறிப் போகணும். அது மட்டும் ஊர் சுத்தறதுல சேராதா?

மாமா: சேச்சே, அது வேலைம்மா. அந்த 140ல கழிச்சுக்க.