தட்டச்சும் ஈமெயிலும் எங்களுக்குக் காணுமாம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இதற்குள் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆளாளுக்கு ஒவ்வொரு விதமாகச் சொல்வதால் நானே எழுதுகிறேன். ஊர்க் கணினி வகுப்பில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) பற்றிப் பேச இரண்டு வகுப்பு ஒதுக்கித் தாருங்கள் என்றேன். "வன்னிச் சனத்துக்குத் தட்டச்சும் ஈமெயிலும் காணும். ஏஐ எல்லாம் கொழும்புப் பிள்ளைகளுக்கு" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

யாருக்குக் காணும், யாருக்குப் போதும்? கேட்டதற்குப் பதில் எழுதித் தரும் ஏஐ செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. வன்னியில் போன் வைத்திருக்கிறவர்கள் உங்களிடம் அனுமதி கேட்டுவிட்டா அதைத் திறக்கிறார்கள்?

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வரும் அக்கா ஒருவர் தன் காணிப் பிரச்சினையை அதனிடம் கேட்டார். பட்டாவுடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போங்கள் என்று நல்ல தமிழில் பதில் வந்தது. "பிள்ளை, இந்தக் கந்தோர் முல்லைத்தீவிலயோ இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். வட்டாட்சியர் தமிழ்நாட்டில் இருப்பவர். எங்களுக்குப் பிரதேச செயலகம். இணையத்தில் இருக்கும் தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. அதைப் படித்துப் பழகிய இயந்திரம், அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். நாளைக்கு ஒரு கமக்காரர் நெல்லுக்கு அடிக்கும் மருந்தின் அளவை இதனிடம் கேட்டு அப்படியே அடித்தால்? 1920 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து விவசாயத் திணைக்களத்திடம் ஒருமுறை கேளுங்கள் என்று சொல்ல வகுப்பில் ஒருவர் வேண்டாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டத்தில் சொல்ல வாய் வரவில்லை. போன மாரியில் ஒரு படம் வட்ஸ்அப்பில் சுற்றியது, இரணைமடுக் குளம் உடைந்துவிட்டது என்று. அம்மா அதைப் பார்த்ததும் எழும்பி, அலுமாரிக்கு மேலே இருந்த பையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் அந்தப் பைக்குள்தான். 2009 போரிலும் அம்மா தூக்கிக்கொண்டு ஓடியது அதைத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் பயப்படாமல் இருப்பார்களா? நான் போனை வாங்கிப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். குளக்கட்டில் இருந்த பலகையில் தமிழ் போலக் கோடுகள், ஒரு எழுத்தும் எழுத்தில்லை. ஏஐ செய்த படம். அம்மாவுக்குக் காட்டினேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் எடுத்தது.

அந்தப் பலகையைப் பெருப்பித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பதுதான் நான் கேட்ட வகுப்பு.

நெட்வேர்க்கே ஒழுங்காக இல்லையே என்கிறீர்கள். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொய்ப் படம் அதே நெட்வேர்க்கில்தானே வந்தது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை ஏஐயிடம் எழுதி வாங்குவார்களாம். இப்போதே வாங்குகிறார்கள், விடுங்கள். உனக்கு என்ன தகுதி என்று பின்னேரம் ஒருவர் மெசேஜ் போட்டிருந்தார். பட்டம் இல்லை, சரி. படித்துப் படித்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். என்னைவிடத் தெரிந்தவர் வந்தால் பின் வரிசை வாங்கில் போய் இருப்பேன், உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் எங்களுக்கு எது காணும் என்று எப்போதும் வேறு யாரோ சொல்வது ஏன்? தையல் மெசின் காணும், கோழிக்கூடு காணும், இப்போது தட்டச்சுக் காணும். எங்கள் பெண்கள் தனித்து நின்று கடன் கட்டினார்கள், வழக்குக்குப் போனார்கள், பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் அனுப்பினார்கள். இது அவர்களுக்கு விளங்காது என்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்?

அனுமதி வராவிட்டாலும் இந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டு மாமரத்துக்குக் கீழே வகுப்பு வைக்கிறேன். அந்த இரணைமடுப் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருக்கிறேன். முன் வரிசையில் அம்மா இருப்பார்.