அடிமரம் வரை சிமெண்ட்

எங்கள் ஃபிளாட் வாசலில் ஒரு புங்கமரம். 2016 டிசம்பரில் வர்தா புயல் தெருவிலிருந்த மயில்கொன்றைகளைச் சாய்த்தபோதுகூட அசையவில்லை. போன வாரம் பார்க்கிங்குக்குப் பேவர் பிளாக் பதிக்கிறோம் என்று அடிமரத்தை ஒட்டிச் சிமெண்ட் பூசிவிட்டார்கள். சொட்டுத் தண்ணீர் இறங்காது. "வேர் மூச்சு விடணும் சார்" என்றால், "மரத்துக்கு மூக்கு எங்கே இருக்கு?" என்று சிரிக்கிறார் செயலாளர். அப்புறம், கார் மேல் பூ கொட்டுகிறதாம், கிளை கழிக்க ஆள் கூப்பிட்டார். வந்தவர் தெருப்பக்கத்தை மட்டும் மொட்டையடித்தார். மொத்தப் பாரமும் இப்போது என் பால்கனிப் பக்கம். சித்திரை வெயிலில் செயலாளர் கார் நிற்பதோ அதே மரத்தடியில். நேற்றுக் கடப்பாரையால் நாலு கல்லைப் பெயர்த்தேன். சிசிடிவியில் பதிவாகியிருக்கும். சரி, பார்க்கட்டும்.